தனித்தொகுதியில் எது தனி?

தனி டம்ளர் நமக்குத் தெரியும். தனிச் சுடுகாடு தெரியும். தனிக் கிணறு, தனிக் குழாய், திருவிழாவில் தனி நாள் - எதையும் யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. இதே வரிசையில் தமிழ்நாட்டு அரசியல் அகராதி இன்னொரு சொல்லையும் சேர்த்து வைத்திருக்கிறது: தனித்தொகுதி. சட்டத்தில் அதற்குப் பெயர் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. பேச்சில் ரிசர்வ் தொகுதி. பத்திரிகைகளில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'தனி' என்று எழுதுவார்கள். செய்யூர் (தனி), காட்டுமன்னார்கோயில் (தனி). அடைப்புக்குறி இல்லாத ஊரெல்லாம் பொது.

சேரியை ஊருக்கு வெளியே வைத்தவர்கள் எழுத்திலும் அடைப்புக்குறிக்குள்தான் வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது போதாது. இந்தத் தொகுதியில் உண்மையில் எது தனி என்று கேட்க வேண்டும். நிற்பவர் தனி. நாமினேஷன் போட சாதிச் சான்றிதழ் வேண்டும். ஓட்டுப் போடுபவர்? அவர் பொது. ஊர்த்தெருக்காரரும் போடலாம், சேரிக்காரரும் போடலாம். பெரும்பாலான தனித்தொகுதிகளில் நம் சனங்கள் சிறுபான்மை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் தாழ்த்தப்பட்டோர் சுமார் 20 சதவீதம். ஏதாவது ஒரு வட்டாரத்தில் இது 30 ஆகலாம். முப்பதானாலும் பாதியாகாது. ஆக, நம் ஆள் நிற்கிறார், ஜெயிக்க வைப்பவர்கள் அவர்கள். தோற்க வைப்பவர்களும் அவர்களே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் ஓட்டு உள்ள தொகுதி என்று வையுங்கள். சேரி ஓட்டு 260. ஊர் ஓட்டு 740. தனித்தொகுதி, அதனால் நிற்கும் இரண்டு பேரும் நம்மவர்கள். ஒருவர் சேரி நம்பும் ஆள், கூலிப் பிரச்சினையில் முன்னால் நின்றவர். இன்னொருவர் ஊருக்கு வேண்டப்பட்டவர், 'நல்ல பையன்' என்று பேர் வாங்கியவர். 260 ஓட்டும் ஒன்றுகூடச் சிந்தாமல் முதல் ஆளுக்கு விழுகிறது. ஊரிலிருந்து 500 ஓட்டு இரண்டாம் ஆளுக்கு விழுகிறது. முடிந்தது. சேரி முழுக்க வேண்டாம் என்று சொன்ன ஆள்தான் இனி ஐந்து வருசத்துக்குச் சேரியின் பிரதிநிதி. சட்டசபைப் பதிவேட்டில் அவர் நம் கணக்கில்தான் வருவார். நம் சனங்கள் இதை வெகு நாளாக ஒரே வாக்கியத்தில் சொல்லி வைத்திருக்கிறார்கள்: "ஆளு நம்மாளு, ஓட்டு அவங்க ஓட்டு."

தேர்தல் விதியும் ஒரு பிரதிதான். அதை யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எந்த இடத்தில் அடித்துத் திருத்தினார் என்று ஒரு கதையை வாசிப்பது போலவே வாசிக்கலாம். அப்படி வாசித்தால் இடையில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருப்பது தெரிகிறது. அந்தப் பக்கத்துக்குப் பெயர் இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952, 1957 என்று இரண்டு பொதுத்தேர்தல்களில் அது இருந்தது. 1961இல் ஒழிக்கப்பட்டது. இன்றைய இளைஞர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, அதற்கு முந்தைய பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வாதாடிய பிறகு, 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். அதன்படி தாழ்த்தப்பட்டவருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று, மற்ற எல்லோரையும் போலப் பொதுத் தொகுதியில் போடுவது. இன்னொன்று, தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களிக்கும் சிறப்புத் தொகுதியில் போடுவது. மாகாண சபைகளில் இப்படி 71 இடங்கள். சென்னை மாகாணத்துக்கு 18.

இந்த இரண்டு ஓட்டில்தான் சூட்சுமம் இருந்தது. இரண்டாவது ஓட்டால் நம் ஆளை நாமே தேர்ந்தெடுப்போம். முதல் ஓட்டு இருப்பதால், பொதுத் தொகுதியில் நிற்கும் சாதி இந்துவும் சேரிப் பக்கம் வந்து கையேந்த வேண்டும். இடத்தின் எண்ணிக்கை கொஞ்சம்தான், ஆனால் ஓட்டுக்கு எடை இருந்தது.

காந்தி செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 71 இடங்கள் 148 ஆயின. சென்னைக்கு 18 என்பது 30 ஆயிற்று. பார்க்கிறவர்களுக்கு லாபம்போலத் தெரியும். எண்ணிக்கை ஏறியது, தனி ஓட்டு போனது. மிச்சமாக ஒரே ஒரு ஏற்பாடு இருந்தது: முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நான்கு பேரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். சேரி முதலிடம் கொடுத்த ஆளை ஊர் ஒதுக்கிவிட்டு, பட்டியலில் கடைசியில் தொற்றிக்கொண்டவரை மேலே தூக்கலாம். 1946 தேர்தலின் இரண்டு கட்ட முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்பேத்கர் வாதிட்டது இதைத்தான்.

நம் தமிழ் மண்ணில் இதற்கு ஒரு கசப்பான சாட்சி உண்டு. எம்.சி. ராஜா 1932இல் கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர். இந்து மகாசபையின் மூஞ்சேயோடு அதற்காக ஒப்பந்தமே போட்டவர். தனித்து நிற்காமல் கலந்து நின்றால் அவர்களும் மாறுவார்கள் என்று நம்பியவர். 1938இல் அதே ராஜா சென்னை சட்டசபையில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை எதிர்த்தது. மசோதா தோற்றது. ரிசர்வ் இடங்களில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்து வந்த நம்மவர்கள் எங்கே நின்றார்கள்? கட்சியோடு நின்றார்கள். கோயிலுக்குள் போகக்கூடாது என்று வைக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள், கோயில் மசோதாவில் கட்சியோடு நின்றார்கள். அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர்களை அனுப்பிய ஓட்டு எது என்று பார்த்தால், அவர்கள் யாருக்குக் கணக்கு ஒப்படைத்தார்கள் என்பது புரியும்.

ஒரு தொகுதிக்கு இரண்டு பேர்

அரசியல் சட்டம் வந்தது. 325ஆம் பிரிவு, ஒரு தொகுதிக்கு ஒரே பொது வாக்காளர் பட்டியல் என்று முடித்துவிட்டது. 332ஆம் பிரிவு, மாநிலச் சட்டசபைகளில் இடம் ஒதுக்கியது. ஒதுக்கிய இடத்தை எங்கே வைப்பது? அப்போது கண்டுபிடித்த வழி இரட்டை உறுப்பினர் தொகுதி. பெரிதாக ஒரு தொகுதி. அதற்கு இரண்டு உறுப்பினர்கள். ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. மற்றது பொது.

1952 தேர்தலில் அன்றைய சென்னை மாநிலச் சட்டசபைக்கு 375 இடங்கள், 309 தொகுதிகள். அவற்றில் 66 இரட்டைத் தொகுதிகள். 62இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஓர் இடம், 4இல் பழங்குடியினருக்கு. ஆந்திரம் பிரிந்து, மொழிவாரி மாநிலங்கள் வந்த பிறகு 1957 தேர்தலில் 205 இடங்கள், 167 தொகுதிகள், அதில் 38 இரட்டை. ஆக, இன்றைய தமிழ்நாட்டின் பல கிராமங்களில் நம் தாத்தா பாட்டிகள் ஒரே தேர்தலில் ஒரே சபைக்கு இரண்டு ஓட்டுப் போட்டவர்கள்.

போட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, அதன்மேல் சின்னம். சீட்டைப் பிடித்த பெட்டியில் போட வேண்டும். இரட்டைத் தொகுதியில் வாக்காளருக்கு இரண்டு சீட்டு. இரண்டையும் வெவ்வேறு பெட்டியில்தான் போட வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டால் ஒன்று செல்லாது. ஒரு சீட்டை மட்டும் போட்டுவிட்டு மற்றதைப் போடாமல் விடலாம், ஆனால் இரண்டையும் ஒருவருக்கே குவிக்க முடியாது. எண்ணும்போது, நம்மவர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு முதலில் ஒதுக்கிய இடம் போகும். அவரைத் தள்ளிவிட்டு, மீதிப் பேரில் யார் முதலோ அவருக்குப் பொது இடம். அந்த மீதிப் பேரில் நம்மவரும் இருக்கலாம். சாதி பார்க்கப்படாது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொன்னது இது.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. நடைமுறையில் என்ன நடந்தது? பெரிய கட்சி ஒரு ஜோடியை நிறுத்தும். பணமும் வண்டியும் உள்ள சாதி இந்து ஒருவர். அவருக்குப் பின்னால் நம்மவர் ஒருவர். மாட்டு வண்டியில் இரட்டை மாடு பூட்டியது போலத் தெரியும். நுகத்தடி யார் கையில் என்பதை வண்டிக்குப் பின்னால் நடப்பவர் அறிவார். நமது ஆயிரம் ஓட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டால், சேரி தன் ஆளுக்குக் கொடுக்க முடிந்தது 260 ஓட்டுதான். கையில் இருந்த இன்னொரு 260 சீட்டை ஊராரில் ஒருவருக்குத் தர வேண்டும், அல்லது வீணாக்க வேண்டும்.

அம்பேத்கரே இதில் தோற்றார். 1952 பொதுத்தேர்தலில் வட பம்பாய் இரட்டைத் தொகுதியில், காங்கிரசின் கஜ்ரோல்கர் அவரை 14,000க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் 74,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாதவையாகத் தள்ளப்பட்டன. அம்பேத்கரும் பொது இடத்துக்கு நின்ற சோசலிஸ்ட் அசோக் மேத்தாவும் அதை எதிர்த்து மனுப் போட்டார்கள். பயனில்லை. 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் இதே கதை. பொது இடத்தில் அசோக் மேத்தா ஜெயித்தார். ஒதுக்கிய இடத்தில் அம்பேத்கர் தோற்றார். கூட்டணி ஒன்றுதான், ஓட்டு ஒரு பக்கம்தான் ஓடியது. சேரி ஓட்டு கூட்டாளிக்குப் போகும். கூட்டாளியின் சனங்கள் ஓட்டு சேரிக்காரருக்கு வராது. இன்றைக்கும் கூட்டணிக் கணக்குப் போடும் நம் கட்சிக்காரர்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பது நல்லது.

பார்வதிபுரம் சொன்ன செய்தி

இப்படிக் குறையுள்ள ஏற்பாட்டில், அதை எழுதியவர்கள் எதிர்பார்க்காத ஒரு கதவு திறந்தே கிடந்தது. மீதிப் பேரில் நம்மவரும் இருக்கலாம் என்ற அந்த வரிதான் கதவு.

1957இல் ஆந்திராவில் பார்வதிபுரம் பாராளுமன்றத் தொகுதி. இரட்டைத் தொகுதி, ஓர் இடம் பழங்குடியினருக்கு. சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் விதி ஒன்றுதான் என்பதால் இங்கே நடந்தது எல்லா இரட்டைத் தொகுதிகளுக்கும் பொருந்தும். காங்கிரஸ் சார்பில் பொது இடத்துக்கு நின்றவர் வி.வி. கிரி. மத்திய தொழிலாளர் அமைச்சராக இருந்தவர், பெரிய தொழிற்சங்கத் தலைவர். பழங்குடியைச் சேர்ந்த இரண்டு பேர் அவரைவிட அதிக ஓட்டு வாங்கிவிட்டார்கள். சத்யநாராயணா முதலில் வந்தார்; அவருக்கு ஒதுக்கிய இடம். அடுத்து வந்தவர் திப்பல சூரி தோரா. கிரியைவிட ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டுதான் கூட. சட்டப்படி பொது இடம் சூரி தோராவுக்கு. ஒரு தொகுதி, இரண்டு பிரதிநிதிகள், இரண்டு பேரும் பழங்குடிகள்.

கிரி வழக்குப் போட்டார். உச்சநீதிமன்றம் வரை போனது. அவர் தரப்பு வாதங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால், சாதி இந்து மனம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வேறு பாடப்புத்தகம் வேண்டாம். ஒரு வாதம்: சூரி தோரா பழங்குடியே இல்லை. அவர் குடும்பம் பத்திரங்களில் சத்திரியர் என்று எழுதிக்கொள்கிறது, சடங்குகளையும் அப்படியே செய்கிறது. ஆகவே ஒதுக்கிய இடத்துக்கு நிற்கவே அவருக்கு உரிமையில்லை. இன்னொரு வாதம்: ஒதுக்கிய இடத்துக்கு நின்ற பழங்குடி வேட்பாளர் பொது இடத்துக்கு வர முடியாது. ஆக, ஒதுக்கீடு கேட்டால் நீ சத்திரியன், போ. பொது இடத்துக்கு வந்தால் நீ பழங்குடி, போ. இரண்டு கதவிலும் ஒரே ஆள் நின்று ஒரே மனிதனைத் தள்ளுகிறார்.

உச்சநீதிமன்றம் 1959இல் இரண்டையும் ஏற்கவில்லை. ஒருவர் தன்னை உயர்ந்த சாதி என்று எழுதிக்கொள்வதால் மட்டும் சாதி மாறிவிடாது என்றது. அந்தச் சொல்லில் நமக்கு மகிழ்ச்சியும் உண்டு, வேதனையும் உண்டு. பூணூல் போட்டாலும் உன்னை யாரும் ஏற்கமாட்டார்கள் என்று இந்தச் சமூகத்தைப் பற்றி நீதிமன்றமே சாட்சி சொல்லிவிட்டது. பொது இடத்தைப் பற்றியும் தெளிவாகச் சொன்னது: பொது என்றால் எல்லோருக்கும். ஒதுக்கிய இடத்துக்கு நின்றவர் பொது இடத்துக்குத் தகுதி இழப்பதில்லை.

தோற்ற கிரிக்கு ஒன்றும் நஷ்டமில்லை. தேர்தல் முடிந்த அதே 1957இல் உத்தரப்பிரதேச ஆளுநரானார். 1969இல் குடியரசுத் தலைவரும் ஆனார். நஷ்டப்பட்டது அந்தக் கதவுதான்.

கதவை அடைத்த கதை

1959இல் தீர்ப்பு. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதி ஒழிப்புச் சட்டம். 1962 தேர்தலில் ஓர் இரட்டைத் தொகுதிகூட இல்லை.

பார்வதிபுரத்துக்காகத்தான் ஒழித்தோம் என்று சட்டத்தில் எழுதியிருக்காது. சொல்லப்பட்ட காரணங்கள் வேறு: தொகுதி ரொம்பப் பெரிசு, வேட்பாளருக்குச் செலவு அதிகம், இரண்டு உறுப்பினர் இருந்தால் வாக்காளருக்கு யாரிடம் போவதென்று தெரியாது. இவற்றில் உண்மையும் உண்டு. நம் தலைவர்கள் சிலரும், ஜோடி மாடாக ஓடுவதைவிட நமக்கென்று ஒரு தொகுதி இருக்கட்டும் என்று நினைத்திருக்கக்கூடும். அந்த நினைப்பில் தப்பில்லை. நான் பார்க்கச் சொல்வது வரிசையை. பொது இடத்தில் நம்மவர் உட்கார முடியும் என்று தேர்தலும் தீர்ப்பும் நிரூபித்த இரண்டே வருசத்தில், அந்தப் பொது இடமும் ஒதுக்கிய இடமும் சேர்ந்திருந்த வீடு இரண்டாகத் தடுக்கப்பட்டது. 38 இரட்டைத் தொகுதிகளை இரண்டாகப் பிளந்தார்கள். ஒரு பாதி தனி, ஒரு பாதி பொது.

இதனால் நடந்தது மூன்று. முதலாவது, இரட்டைத் தொகுதியில் எந்தச் சேரிக்காரரும் போய்க் கதவைத் தட்ட நம்மவர் ஒருவர் சபையில் இருந்தார். பிளந்த பிறகு, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த சேரிகளுக்கு அவரும் இல்லை. இரண்டாவது, பிளந்த தனித்தொகுதியிலும் ஓட்டுக் கணக்கு மாறவில்லை. நம் சனங்கள் அங்கேயும் சிறுபான்மைதான். மூன்றாவது, இதுதான் பெரிசு: 'பொது' என்ற சொல்லுக்கு அர்த்தமே மாறிப்போனது. பொதுத் தொகுதி என்றால் நம்மவர் நிற்கக்கூடாத தொகுதி என்று எல்லாக் கட்சிகளும் எழுதாத சட்டம் போட்டுக்கொண்டன. உங்களுக்குத்தான் தனியாகக் கொடுத்திருக்கிறதே, இங்கே எதற்கு வருகிறீர்கள் என்று கேட்பார்கள். பொதுக் கிணறு யாருக்குப் பொதுவோ, அந்த அளவுக்குத்தான் பொதுத் தொகுதியும் பொது.

இந்த நிலைமையை நாம்தான் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறோம். 2021 தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் ஜெயித்த நான்கு சட்டசபைத் தொகுதிகளில் நாகப்பட்டினம், திருப்போரூர் இரண்டும் பொது. நான்கும் தங்கள் சின்னத்திலேயே வந்தவை. இதே கட்சியின் தலைவர் திருமாவளவன் 2001இல் மங்களூர் தனித்தொகுதியில் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்து, 2004இல் அந்தப் பதவியை விட்டு வெளியேறியவர். இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே இருபது வருசம். சின்னம் யாருடையதோ குரல் அவருடையது என்ற பாடத்தை அந்த இருபது வருசம் சொல்லிக்கொடுத்தது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டம் இதை இன்னும் இறுக்கியது. 1938இல் எம்.சி. ராஜாவுக்கு எதிராக நின்றவர்களைக் கட்டியது கட்சிக் கட்டுப்பாடு. இன்று அந்தக் கட்டுப்பாட்டை மீறினால் பதவியே போகும்.

தனித்தொகுதியின் உள்ளடக்கத்தை உரித்துக் காட்டியது பஞ்சாயத்துதான். 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தனி ஆக்கப்பட்டன. ஒழுங்கான தேர்தல் நடக்க 2006 வரை ஆனது. நடுவில் என்ன செய்தார்கள்? தலைவர் பதவிக்கு ஊரே ஒரு தலித்தைப் பிடித்து நிறுத்தும், ஜெயிக்க வைக்கும், உடனே ராஜினாமா கடிதம் வாங்கும். அசிங்கமாக இருக்கிறது என்று எல்லோரும் முகம் சுளித்தார்கள். சட்டசபைத் தனித்தொகுதியில் ராஜினாமா கடிதம் மட்டும்தான் இல்லை, மற்றபடி ஆளைப் பொறுக்குவதும் தூக்கி வைப்பதும் யார் என்று கேட்டுப்பாருங்கள். பொறுக்கி வைத்த ஆளாக இல்லாமல் நிஜத் தலைவராகப் பதவியில் உட்காரப் போன மேலவளவு முருகேசனுக்கும் அவரோடு இருந்தவர்களுக்கும் 30.6.1997 அன்று என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். ஆறு உயிர்.

அம்பேத்கர் கேட்ட மூன்றாவது வழி

இங்கே ஒரு கேள்வி வரும். தனி வாக்காளர் தொகுதியும் போச்சு, இரட்டைத் தொகுதியும் உதவவில்லை, தனித்தொகுதியும் இப்படி. வேறு என்னதான் வழி?

அம்பேத்கர் அதற்கு 1955இல் பதில் எழுதி வைத்திருக்கிறார். அதே ஆண்டுதான் அவருடைய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, சட்டசபைகளில் இட ஒதுக்கீடே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. இந்தத் தீர்மானத்தை இன்று ஒதுக்கீட்டு எதிரிகள் எடுத்து ஆட்டுகிறார்கள். 'உங்கள் அம்பேத்கரே வேண்டாம் என்றாரே' என்கிறார்கள். அவர் சொன்ன மறுபாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். மொழிவாரி மாநிலங்கள் பற்றிய சிந்தனைகள் என்ற நூலில் அவர் கேட்டது, ஓர் உறுப்பினர் தொகுதியை ஒழித்து, இரண்டு மூன்று உறுப்பினர்கள் கொண்ட தொகுதியும் குவிப்பு ஓட்டும் வேண்டும் என்பது. மூன்று இடம் இருந்தால் ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு. மூன்றையும் மூன்று பேருக்குப் பிரித்தும் போடலாம், ஒருவருக்கே குவித்தும் போடலாம்.

நம் ஆயிரம் ஓட்டுக் கணக்கை மூன்றாவது முறையாகப் போடுவோம். சேரி 260 பேர், ஆளுக்கு மூன்று ஓட்டு, எல்லாம் ஒருவருக்கே: 780. ஊர் 740 பேர், மொத்தம் 2,220 ஓட்டு. அவர்கள் மூன்று இடத்தையும் பிடிக்க நினைத்து மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்தாலும் ஆளுக்கு 740தான். 780 ஜெயிக்கும். யார் தயவும் வேண்டாம், தனிப் பட்டியலும் வேண்டாம், அடைப்புக்குறியும் வேண்டாம். சேரி நம்பும் ஆள் சேரி ஓட்டிலேயே சபைக்குப் போகிறார். இரட்டைத் தொகுதிக்கும் இதற்கும் விதியில் ஒரு வரிதான் வித்தியாசம்: இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போடலாமா கூடாதா என்பது. அந்த ஒரு வரியில்தான் நம் பிழைப்பு இருந்தது.

இது புத்தகக் கணக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலச் சட்டசபைக்கு 1870 அரசியல் சட்டம் இப்படித்தான் விதி வைத்தது. தொகுதிக்கு மூன்று உறுப்பினர், வாக்காளருக்கு மூன்று ஓட்டு, குவிக்கலாம். 1876இல் சிகாகோவின் ஒரு தொகுதியிலிருந்து ஜான் தாமஸ் என்ற கறுப்பர் அந்தச் சபைக்குப் போனார். அடிமையாகப் பிறந்தவர். அந்த மாநிலச் சட்டசபைக்குப் போன முதல் கறுப்பர் அவர். வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த தொகுதி அது. அங்கேயும் குறை இருந்தது. கட்சிகள் தங்களுக்குள் பேசிவைத்து, மூன்று இடத்துக்கு மூன்றே பேரை நிறுத்தி வாக்காளருக்குத் தேர்வே இல்லாமல் செய்ததுண்டு. நூறு வருசத்துக்கு மேல் இருந்த அந்த முறையை 1980 வாக்கெடுப்பில் ஒழித்தார்கள். அங்கேயும் காரணம் செலவுதான். உறுப்பினர்கள் சம்பளத்தை ஏற்றிக்கொண்டதில் சனங்களுக்கு வந்த கோபத்தை வைத்து, 177 உறுப்பினரை 118 ஆக்கினார்கள். அந்தக் கூட்டத்தோடு குவிப்பு ஓட்டும் போய்விட்டது. செலவைக் குறைக்கிறோம் என்று யாராவது சொன்னால், எதைச் சேர்த்துக் குறைக்கிறார்கள் என்று கடைசி ஆள்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இனிக் கேட்க வேண்டியது

அப்படியானால் இருக்கும் தனித்தொகுதியை விட்டுவிடலாமா? கூடாது. தமிழ்நாட்டின் 234இல் 44 இடங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு என்பது சும்மா வந்ததில்லை. இந்த 44ஐயும் எடுத்தால் கட்சிகள் எத்தனை நம்மவரை நிறுத்தும் என்பதற்கு 'பொது'த் தொகுதிகளின் சரித்திரமே சாட்சி. கையில் இருப்பதை விடாமல், அதில் இல்லாததைக் கேட்க வேண்டும்.

குவிப்பு ஓட்டு வந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் தெரிந்ததே. அது சேரி ஒற்றுமையாக ஓட்டுப் போட்டால்தான் வேலை செய்யும். பள்ளர், பறையர், அருந்ததியர் என்று நாமே பிரிந்து நின்றால் 260 என்பது மூன்று சில்லறையாகிவிடும். ஒவ்வொரு வட்டாரத்திலும் எண்ணிக்கை குறைந்த பிரிவின் கதி என்ன என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். அதோடு, ஓட்டைச் சேரி தன் விருப்பப்படி போட்டால் ஊர் சும்மா இருக்குமா என்ற பழைய கேள்வியும் உண்டு. 1957இல் முதுகுளத்தூர் இடைத்தேர்தலுக்குப் பிறகு கிளம்பிய கலவரமும், 11.9.1957 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டதும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில். அது இரட்டைத் தொகுதியில் நடந்தது. தொகுதி எந்த வகையானாலும், சேரியின் ஓட்டைத் தன் சொத்தாக நினைக்கும் ஊர் இருக்கும்வரை விதி மட்டும் நம்மைக் காப்பாற்றாது. ஆனால் தப்பான விதி, அடிப்பவனுக்கு வேலையைச் சுலபமாக்குகிறது. அடிக்காமலே ஜெயிக்க வழி செய்கிறது.

சட்டசபை ஒதுக்கீட்டின் காலக்கெடுவை 334ஆம் பிரிவு வைக்கிறது. முதலில் பத்து வருசம் என்று எழுதியதைப் பத்துப் பத்தாக நீட்டி, 2019இல் செய்த 104ஆவது திருத்தம் 2030 ஜனவரி வரை கொண்டுபோயிருக்கிறது. தொகுதி எண்ணிக்கையை மாற்றக்கூடாது என்று போட்ட பூட்டை, 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரைக்கும் என்று 2001இன் 84ஆவது திருத்தம் வைத்தது. மறுவரையறை என்றதும் தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்பது, டெல்லியில் நமக்கு எத்தனை எம்.பி. குறையும் என்று. நியாயமான கேள்விதான். தன் எண்ணிக்கைக்கு ஏற்ற எடை தன் ஓட்டுக்கு வேண்டும் என்று ஒரு மாநிலம் கேட்பது நியாயமென்றால், ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இருக்கும் சேரி அதையே கேட்பதும் நியாயம். டெல்லியிடம் மாநிலம் பேசும் வாதத்தை மாநிலத்திடம் சேரி பேச வேண்டும்.

மூன்று கேள்விகளை இப்போதே கட்சிகள் முன் வைக்கலாம். தனித்தொகுதியில் ஜெயிக்கும் வேட்பாளர், சேரி வாக்காளரிடம் குறைந்தபட்ச ஆதரவாவது பெற்றிருக்க வேண்டும் என்று விதி செய்ய ஏன் தயக்கம்? பூனா ஒப்பந்தத்திலேயே முதல் கட்டத் தேர்தல் என்று அது அரைகுறையாக இருந்ததுதானே. பல உறுப்பினர் தொகுதியும் குவிப்பு ஓட்டும் என்ற 1955 யோசனையை, அம்பேத்கர் படத்துக்கு மாலை போடும் எந்தக் கட்சி தேர்தல் அறிக்கையில் எழுதியிருக்கிறது? உங்கள் கட்சி பொதுத் தொகுதிகளில் எத்தனை தலித்துகளை நிறுத்தியது? மூன்றாவது கேள்விக்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. மனசு இருந்தால் போதும். அதனால்தான் அதற்குப் பதில் வருவதில்லை.

மாணவத் தோழர்கள் தங்கள் ஊர் 1952இலும் 1957இலும் எந்த இரட்டைத் தொகுதியில் இருந்தது, அந்த இரண்டு உறுப்பினர்கள் யார், 1961இல் கோடு எந்தச் சேரியை எந்தப் பக்கம் தள்ளியது என்று தேடி எழுதலாம். தேர்தல் கமிஷனின் பழைய புள்ளிவிவரங்கள் கிடைக்கின்றன. அதைவிட முக்கியம், இரண்டு சீட்டுக் கையில் வாங்கிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்ற கிழவிகளும் கிழவர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இரண்டாவது சீட்டை எந்தப் பெட்டியில் போடச் சொன்னார்கள், யார் சொன்னார்கள், போட்டார்களா என்று அவர்களிடம் கேளுங்கள். நமது தேர்தல் சரித்திரத்தில் எழுதப்படாத பாதி அந்த இரண்டாவது சீட்டில் இருக்கிறது.